‘தானே விழுந்தார்’

என் சித்தப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு இன்னும் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டிய சீட்டு. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அதற்கு மேல், ‘எப்படி நடந்தது’ என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: பைக்கிலிருந்து தானே விழுந்தார்.

அவர் தானே விழவில்லை. மாதேஸ்வரன் மலையில் அமாவாசை தரிசனம் முடித்துக் கீழே இறங்கி, கொள்ளேகாலில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில், கௌதள்ளிக்குப் பக்கத்தில் எதிரே வந்த சரக்கு வேன் ஒன்று வளைவில் ஏறி வந்து இடித்தது. வேன்காரர் ஓடிவிடவில்லை. இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஓடி வந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஒருவர் தன் துண்டையே காலில் கட்டிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஒரு பெரியவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: “ஆக்ஸிடென்ட்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும், வைத்தியம் தள்ளிப்போகும். வழுக்கி விழுந்துட்டார்னு சொல்லுங்க.” கூட வந்த என் தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்படியே சொன்னான். வேன் உரிமையாளர் மறுநாள் வந்து பத்தாயிரம் ரூபாய் கையில் கொடுத்தார். மிச்சத்தையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டாவது அறுவை சிகிச்சை வரைக்கும் அவர் போன் எடுத்தார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நான்கு மாதம் கழித்துப் போலீஸில் புகார் கொடுத்து, வழக்குப் போட்டோம். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் சத்தம் போடவே இல்லை. அந்தச் சீட்டை எடுத்து வைத்து, வண்டியைப் பிறகு கொண்டுவந்து புகுத்தியிருக்கிறார்கள் என்றார். மனு தள்ளுபடியானது. வேன் எண்ணை அன்றைய தினமே யாராவது குறித்து வைத்தார்களா என்று நீதிபதி கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அன்று அந்தச் சாலையில் கெட்டவர் யாரும் இல்லை. எல்லோரும் உதவினார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு சிறு வேலையை விட்டுவிட்டோம். அந்த விட்டுப்போன வேலைகள் சேர்ந்து ஒரு மனிதரின் காலையும் பிழைப்பையும் கணக்கில் வராமல் செய்துவிட்டன. விபத்து இழப்பீடு என்றால் கோர்ட், வக்கீல், வாய்தா என்றுதான் நமக்கு நினைவு வருகிறது. உண்மையில் அந்த வழக்கின் பாதி, விபத்து நடந்த முதல் ஒரு நாளில், வழக்கைப் பற்றியே தெரியாதவர்களின் கையில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் இதைக் காயம்பட்டவர் வீட்டுக் கவலை என்று விட்டுவிடாமல் ஊர்க் காரியமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

கௌதள்ளியை வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை கௌதள்ளி சேர்ந்திருந்த கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது மைசூரு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997ல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அங்கே போனது. கோடு இரண்டு முறை மாறினாலும் வீட்டில் தமிழும் கடைவீதியில் கன்னடமும் மாறவில்லை. கொள்ளேகால், ஹனூர், கௌதள்ளி என்று மலைக்குப் போகும் இந்தச் சாலையில் அமாவாசைக்கும் சிவராத்திரிக்கும் உகாதிக்கும் தீபாவளிக்கும் மைசூரு பக்கத்திலிருந்து கூட்டம் வரும். அந்தப் பக்கம் மேட்டூர், கொளத்தூரிலிருந்து பாலாறு வழியாகப் பைக்குகள் வரிசையாக ஏறும். இடிபட்டவர் ஒரு மாநிலம், இடித்த வண்டி இன்னொரு மாநிலம், படுத்திருக்கும் ஆஸ்பத்திரி மூன்றாவது இடம் என்பது இங்கே அபூர்வமல்ல.

இப்படி எல்லையில் அடிபட்டவருக்குச் சட்டம் நாம் நினைப்பதைவிடக் கனிவாக இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவுப்படி, விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்தில்தான் மனுப் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் குடியிருக்கும் ஊரிலோ தொழில் செய்யும் ஊரிலோ போடலாம்; எதிர்த்தரப்பு வசிக்கும் இடத்திலும் போடலாம். கௌதள்ளியில் அடிபட்ட கொளத்தூர்க்காரர் கொள்ளேகாலுக்கு வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏற வேண்டியதில்லை, மேட்டூரிலேயே நடத்தலாம். அந்தியூர்ச் சாலையில் அடிபட்ட கௌதள்ளிக்காரர் கொள்ளேகாலிலேயே நடத்தலாம். புகாரும் அப்படித்தான். எந்த ஸ்டேஷனிலும் முதல் தகவல் அறிக்கையைப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. ‘எங்க லிமிட் இல்ல’ என்று யாரையும் திருப்பி அனுப்ப இடமில்லை.

காலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1994ல் இழப்பீட்டு மனுவுக்கு இருந்த கால வரம்பை எடுத்துவிட்டார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். தாமதமான மனு என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. கால் முறிந்தவர் எழுந்து நடக்கவே 6 மாதம் ஆகிறது. ஆகவே அந்த ஓட்டத்தை வேறு யாராவது ஓட வேண்டும்.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருகிறேன். ‘தானே விழுந்தார்’ என்ற வரி ஏன் இவ்வளவு கனமானது? கட்டாய இன்சூரன்ஸ் என்று நாம் கட்டுவது மூன்றாம் நபருக்கானது. நம் வண்டி இடித்து மற்றவருக்கு நேரும் சேதத்துக்கு அது பொறுப்பேற்கும். நாமே ஓட்டி நாமே விழுந்தால் அதில் நமக்கு ஒன்றும் இல்லை. உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு என்று தனியாக ஒன்று உண்டு. 2018ல் அதன் தொகை 15 லட்சமாக உயர்ந்தது. ஆனால் அது சாவுக்கும், கை கால் கண் இழப்பது போன்ற நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்தான், அதுவும் லைசென்ஸ் இருந்தால். எலும்பு முறிந்து ஆறு மாதம் படுத்தவருக்கு அதில் பைசா வராது. எனவே இடித்த வண்டி ஒன்று இருக்க, இல்லை என்று எழுதிக்கொடுப்பது, வைத்தியச் செலவு முழுவதையும் நம் தலையில் நாமே தூக்கி வைத்துக்கொள்வதாகும்.

பின்னால் உட்கார்ந்தவர் நிலை இதைவிட மோசம். பலர் வீட்டு பைக்குக்கு இருப்பது, பெட்ரோல் பங்க்குக்கு எதிரே மேஜை போட்டுக் கொடுக்கும் மிகக் குறைந்த பிரீமிய பாலிசி. ‘தேர்ட் பார்ட்டி போதும்’ என்கிறோம். அந்தப் பாலிசி பில்லியனில் உட்கார்ந்து வரும் மனைவிக்கோ அம்மாவுக்கோ பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006லேயே சொல்லிவிட்டது. இரவல் வண்டியிலும் சிக்கல் உண்டு. கர்நாடகத்தில் இரவல் பைக்கில் போய் மாட்டு வண்டியில் மோதி இறந்த ஒருவரின் குடும்பம் பிழையை நிரூபிக்காமலே இழப்பீடு கேட்ட வழக்கில், வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்துக்கே வந்துவிடுகிறார், அதனால் அந்தப் பிரிவில் கேட்க முடியாது என்று 2009ல் தீர்ப்பானது. மலைக்குப் போக அண்ணன் வண்டியை வாங்கிக்கொண்டு, பின்னால் அப்பத்தாவை உட்கார வைத்துக்கொண்டு கிளம்பும் பையன்களுக்கு இதை யார் சொல்வது? பாலிசி விற்பவர் சொல்ல வேண்டும். முகவரின் கமிஷனில் இந்த ஒரு வாக்கியத்துக்கான கூலியும் சேர்ந்துதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது ராஜி. நம் ஊர்களில் இது பெரிய குணம் என்றே கருதப்படுகிறது. ‘கேஸு கீஸுன்னு போனா ரெண்டு வீட்டுக்கும் அலைச்சல், பேசி முடிச்சுக்கலாம்.’ சண்டை வேண்டாம் என்ற அந்த மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் விபத்து இழப்பீட்டில் ஒரு விஷயத்தைப் பஞ்சாயத்தில் பேசும் பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டும். பணம் தரப்போவது வேன்காரர் அல்ல, அவர் பிரீமியம் கட்டிய இன்சூரன்ஸ் கம்பெனி. வழக்குப் பதிவானால் அவர் வீடு முழுகிவிடாது. பதிவாகாவிட்டால்தான் இருவரும் முழுகுகிறார்கள்: ஒருவர் கையிலிருந்து பத்தாயிரம் கொடுத்து, மற்றவர் இரண்டு லட்சம் கடன் வாங்கி. உதவியாக முதல் செலவுக்குப் பணம் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. கொடுக்கட்டும். அதற்குப் பதிலாக ‘போலீஸுக்குப் போகவில்லை’ என்று வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவதைத்தான் ஊர் நிறுத்த வேண்டும். காயம்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை என்று 134ஆவது பிரிவு சொல்வதை வேன்காரருக்கும் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

‘போலீஸ் கேஸ் என்றால் வைத்தியம் தள்ளிப்போகும்’ என்ற பயம் ஒரு காலத்தில் பொய்யல்ல. இப்போது அதை விட்டுவிடலாம். தூக்கி வந்தவரை ஆஸ்பத்திரியில் நிறுத்தி வைக்கவோ, பெயர் கேட்டு வற்புறுத்தவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016ல் நெறிமுறைகளை ஏற்றது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாக அது சேர்ந்தும்விட்டது. கர்நாடகம் இதற்குத் தனிச் சட்டமே போட்ட மாநிலம். 2016 பிப்ரவரியில் நெலமங்கலம் பக்கத்தில் லாரியில் அடிபட்ட ஹரீஷ் என்ற இளைஞர், உடல் இரண்டாகித் துடித்த நிலையிலும் தன் கண்களைத் தானம் செய்யச் சொல்லிவிட்டு இறந்தார். அவர் பெயரில்தான் ‘சாந்த்வன ஹரீஷ்’ திட்டம் வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் 25,000 ரூபாய் வரை இலவச வைத்தியம் என்று அது தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், அதே 48 மணி நேரக் கணக்கில், மாநில எல்லைக்குள் அடிபடும் எவருக்கும் என்று வந்தது. 2025 மே மாதம் மத்திய அரசும் 7 நாள் வரை, 1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை என்று அறிவித்தது. அதைப் பெற விபத்தைப் போலீஸ் உறுதிசெய்ய வேண்டும். அதாவது, வைத்தியம் தாமதமாகும் என்று பயந்து மறைத்த அதே விஷயத்தைச் சொன்னால்தான் இன்று வைத்தியம் இலவசம்.

டாக்டர்களிடமும் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. நெருக்கடியில் நூறு பேரைப் பார்ப்பவர்கள். ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட நேரமில்லை. ஆனாலும் ‘எப்படி நடந்தது’ என்ற கட்டத்தில் எழுதுவது, பின்னால் அந்த மனிதர் பேசவே முடியாத இடத்தில் அவருக்காகவோ எதிராகவோ பேசும். யார் சொன்னார், நோயாளி நினைவோடு இருந்தாரா என்பதை ஒரு வார்த்தை சேர்த்து எழுதினால் போதும். எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டுதான் நம்பிக்கை என்று போகிறவர்களை நான் தடுக்கவில்லை. போவதற்கு முன் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு எக்ஸ்ரேயும் காயச் சான்றும் வாங்கிவிடுங்கள். கட்டுப்போடும் வீட்டில் கணக்கும் இல்லை, சீட்டும் இல்லை.

போலீஸ் வேலையைச் சட்டம் இப்போது தெளிவாகவே வகுத்திருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிகளின்படி, விபத்து பற்றிய முதல் அறிக்கை 48 மணி நேரத்தில் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்; விரிவான அறிக்கை 90 நாளில். அது வந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனி 30 நாளில் தன் முடிவைச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் கடைப்பிடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் விரிவாக உத்தரவு போட்டது. இந்தக் காகிதம் சரியாக நகர்ந்தால், காயம்பட்டவர் யாரையும் தேடி ஓட வேண்டாம். ஒரு ஸ்டேஷனில் நான்கு பேர் இருந்துகொண்டு, திருவிழாக் கூட்டத்தையும் பார்த்துக்கொண்டு, இதையும் செய்வது கஷ்டம் என்பது தெரியும். அதற்கு ஆளும் கணினியும் கொடுப்பது அரசின் பங்கு. இந்த எல்லையில் இன்னொன்றும் தேவை. வாக்குமூலம் கன்னடத்தில் எழுதப்படுகிறது. படிக்கத் தெரியாமல் அந்த ‘ஹேளிகெ’யில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதில் வலதுபுறம் இடதுபுறமாகிக் கிடப்பதை மூன்று வருடம் கழித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். வாசித்துக் காட்டி, தமிழில் சொல்லி, பிறகு கையெழுத்து வாங்கினால் பத்து நிமிடம் கூடுதலாகும். இரு மொழியும் தெரிந்த பள்ளி ஆசிரியரோ பஞ்சாயத்து உறுப்பினரோ அந்தப் பத்து நிமிடம் ஸ்டேஷனில் உட்காரலாம்.

என்ன கேட்பது, எவ்வளவு கேட்பது என்பதிலும் நம் மக்கள் தாமாகவே குறைத்துக்கொள்கிறார்கள். ‘கூலிக்காரனுக்கு என்ன சம்பளச் சான்று?’ பெங்களூருவில் அடிபட்ட கூலித்தொழிலாளி ஒருவர் மாதம் 4,500 ரூபாய் சம்பாதித்ததாகச் சொன்னார். தீர்ப்பாயம் 3,000 என்று எடுத்துக்கொண்டது. கூலியாளிடம் ரசீது எதிர்பார்க்கலாகாது என்று சொல்லி, 2011ல் உச்ச நீதிமன்றம் அவர் சொன்னதையே ஏற்றது. அதே காலத்தில் இன்னொரு தீர்ப்பு, ஊனத்தின் சதவீதத்தை மட்டும் பார்க்காதே, அந்த ஊனம் இந்த ஆளின் தொழிலை என்ன செய்தது என்று பார் என்றது. அதில் கொடுத்த உதாரணம் எளிமையானது. இடது கை போனால் தச்சருக்கும் டிரைவருக்கும் பிழைப்பே போனது. அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாது. வீட்டு வேலை மட்டுமே செய்யும் பெண்ணின் உழைப்புக்கும் வருமானம் உண்டு என்று 2021ல் மீண்டும் உறுதியாகச் சொல்லப்பட்டது. ராகி அறுப்புக்கும் சோளக்காட்டுக்கும் போகும் ஒரு பெண்ணின் முழங்கை மடங்கவில்லை என்றால், அதன் விலையைச் சொல்லக்கூடியவர்கள் அவளோடு களையெடுத்தவர்கள்தான். சாட்சிக் கூண்டில் ஏறக் கூச்சப்படாமல் அவர்கள் வர வேண்டும். காடு வைத்திருப்பவரும் வந்து, ‘ஆமாம், என்னிடம் இவ்வளவு கூலி வாங்கினாள்’ என்று சொல்ல வேண்டும்.

இவ்வளவு சொல்லும்போது இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொய் வழக்குகள் இருக்கின்றன. தானே விழுந்தவருக்கு எங்கிருந்தோ ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது, ஓட்டியவரை மாற்றுவது, ஊனச் சதவீதத்தை ஏற்றுவது. போலி விபத்து வழக்குகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்கும் நிலை உத்தரப் பிரதேசத்தில் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அலையும் தரகர்கள் ‘வந்தால் பாதிப் பாதி’ என்று கையெழுத்து வாங்குகிறார்கள். தீர்ப்புத் தொகையில் பங்கு என்று வக்கீல் கட்டணம் பேசுவதை வக்கீல் கவுன்சில் விதியே அனுமதிப்பதில்லை. கட்டணம் கொடுக்க முடியாதவருக்குத் தாலுகா சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பொய் வழக்கு இன்சூரன்ஸ் கம்பெனியை மட்டும் ஏமாற்றுவதில்லை. அந்தப் பொய்களைப் பார்த்துப் பார்த்துத்தான், உண்மையாக வந்து நின்ற என் சித்தப்பாவையும் பொய்யர் என்று அந்த வக்கீலால் எளிதாகச் சொல்ல முடிந்தது. ஊரில் ஒருவர் செய்யும் போலி மனுவுக்கு அடுத்த வீட்டுக்காரர் விலை கொடுக்கிறார்.

நம் பக்கம் நாமும் சுத்தமாக இருக்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல், மூன்று பேராக, லைசென்ஸ் இல்லாத பையன் கையில் வண்டியைக் கொடுத்து மலை ஏற்றுவதை விட்டுவிட வேண்டும். மூன்று பேர் போனார்கள் என்பதாலேயே தப்பு அவர்கள்மேல்தான் என்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020ல் சொன்னது உண்மைதான். கோர்ட் மன்னிக்கும், தார்ச்சாலை மன்னிக்காது. 2022ஆம் ஆண்டு மட்டும் இந்த நாட்டில் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ராஜசேகரன், தன் மேஜைக்கு வந்த முறிந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் 2012ல் உச்ச நீதிமன்றம் போனார். சாலைப் பாதுகாப்புக்குத் தனிக் குழு அமைந்ததும், 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு 5 ஆண்டு இன்சூரன்ஸ் கட்டாயமானதும் அந்த வழக்கினால்தான். காயத்துக்குக் கட்டுப்போடுவதோடு தன் வேலை முடிந்தது என்று அவர் நினைத்திருந்தால் இவை நடந்திருக்காது.

கௌதள்ளிச் சாலையில் இருப்பவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. இடித்த வண்டியின் எண், நேரம், இரண்டு போட்டோ. ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்வது. மறுநாள் ஒருவர் கூடப் போய்ப் புகார் கொடுப்பது. இவ்வளவுதான் முதல் நாள் வேலை. மலையடிவாரச் சாலையில் கடை வைத்திருப்பவர்களைக் கூட்டிப் பஞ்சாயத்தும் போலீஸும் அரைநாள் உட்கார்ந்து பேசினால் இது எல்லோருக்கும் வந்துவிடும்.

மனு தள்ளுபடியான பிறகு ஒரு நாள் என் தம்பி அந்த டீக்கடைக்குப் போனான். கடைக்காரருக்கு அவனை நினைவிருந்தது. சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். வேன் எண் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் முகம் மாறியது. அன்றைக்கே தினசரி காலண்டரிலிருந்து அந்தத் தேதித்தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எண்ணை எழுதி, சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாராம்.

“ஒரு மாசத்துக்கு மேல வெச்சிருந்தனுங்க தம்பி. யாராச்சும் கேட்டு வருவாங்கன்னு பாத்தேன். ஒருத்தருமே வரலீங்களே.”